வேலையும் வாழ்வும்: ‘முடியாது’ என்று சொல்லக் கற்ற பிள்ளை



சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை மடித்து அடுக்கிக் கொண்டிருந்தோம். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். முகத்தில் சினம் நன்றாகவே தெரிந்தது. “தம்பி, நம் பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி காட்டி மாதந்தோறும் எழுதுகிறீர்கள். அப்படி வழி காட்டப்பட்ட பிள்ளை ஒருவன் எங்களுக்குச் செய்த மரியாதையைக் கேளுங்கள்” என்று தொடங்கினார்.

நடந்தது இதுதான். விடுமுறைக்கு ஊரிலிருந்து அவருடைய தங்கை குடும்பத்தோடு மும்பைக்கு வந்திருந்தார். எல்லோருமாகச் சேர்ந்து, நகருக்கு வெளியே உள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் சென்றார்கள். ரோலர் கோஸ்டர் என்னும் பெரிய ஓட்டத்துக்கு வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். வாயிலை அடைந்தால், அங்கே அளவுகோலின் அருகே சீருடையில் நிற்பவன் நம் சங்கத்துப் பிள்ளை! எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் தங்கை மகனை அளவுகோலின் அருகே நிறுத்திப் பார்த்தபோது, அவன் உயரம் குறித்த கோட்டுக்கு இரண்டு விரற்கடை குறைவாக இருந்தது. “அடுத்த ஓட்டத்துக்கு வா, தம்பி. இது உனக்கு ஆகாது” என்று அந்த இளைஞன் சொல்லிவிட்டான். நம்மவர் என்று எடுத்துச் சொன்னார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னார்கள். ஒரே ஒரு முறை என்று கெஞ்சினார்கள். அவன் அசையவில்லை. சிறுவன் அழுதுகொண்டே வெளியே வந்தான்.

“தமிழ்ப் பிள்ளை ஒருவன் வாயிலில் நிற்கிறான் என்று பெருமைப்பட்டோம். வேற்றாள் நின்றிருந்தாலும் விட்டிருப்பான் போலிருக்கிறதே!” என்று அவர் முடித்தார்.

நேயர்கள் ஒன்றை அறிய வேண்டும். அந்த இளைஞனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நாமே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஓராண்டு வேலையின்றி இருந்தவன். வேலை கிடைத்த அன்று அவன் தாயார் மகிழவில்லை. “பன்னிரண்டு வகுப்புப் படிக்க வைத்தது ராட்டினம் சுற்றவா?” என்று நம்மிடம் கேட்டார். அதற்கு நம்மிடம் நல்ல விடை இல்லை. நாமும் உள்ளூர அவ்வாறே எண்ணியிருந்தோம். ஊர்த் தேர்த் திருவிழாவில் கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினமும், இங்கே பாந்திரா மாதா கோயில் திருவிழாவில் வரும் பெரிய சக்கரமும் தவிர, அத்தொழிலைப் பற்றி நாம் வேறொன்றும் அறியோம். ஆகவே, கண்டிப்பது போலவும் விசாரிப்பது போலவும், அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்குச் சென்றோம். ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை; அவனுக்குச் செவ்வாய்.

கண்டிக்கச் சென்ற நாம் பாடம் கேட்டுத் திரும்பினோம். அதையே இத்திங்கள் எழுதுகிறோம்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவனை இயந்திரத்தின் அருகே விடவே இல்லையாம். வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். இயக்கக் கையேட்டைப் படிக்கச் சொன்னார்கள். பிறகு மூத்த பணியாளர் ஒருவரின் பின்னால் நிழல் போல நின்று பார்க்க மட்டும் சொன்னார்கள். காலையில் பூங்கா திறப்பதற்கு முன்பே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. பராமரிப்புப் பிரிவினர் தண்டவாளம், சக்கரம், தடை ஆகியவற்றைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். பின்னர் ஆளில்லாத வண்டியைச் சில முறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதன் பின் இயக்குபவர் தம்முடைய பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இத்தனைக்கும் பிறகே முதல் பயணி ஏறுகிறார்.

அடுத்ததாக மேடையில் நிற்கும் பயிற்சி. மடிமீது இறங்கும் இரும்புக் கம்பியைக் கண்ணால் பார்த்தால் போதாது. ஒவ்வோர் இருக்கையிலும் கையால் அழுத்தி, மீண்டும் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசி, மூக்குக் கண்ணாடி, தொப்பி ஆகியவற்றை வாங்கி வைக்க வேண்டும். துப்பட்டாவையும் அவிழ்ந்த கூந்தலையும் கவனிக்க வேண்டும். இது வீண் கெடுபிடி அன்று. 2020-ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு அருகே கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் சென்ற மாணவி ஒருவரின் கூந்தல் சக்கரத்தில் சிக்கி, அவர் உயிரிழந்ததை நாளேடுகளில் படித்தோம். எல்லாம் சரியென்று கண்ட பின், மேடையின் இரு புறமும் நிற்பவர்கள் கையை உயர்த்திக் காட்டுவார்கள். இருவர் கையும் உயர்ந்தாலன்றி இயக்குபவர் பொத்தானைத் தொடலாகாது.

“உயரம் இரண்டு விரற்கடை குறைந்தால் என்ன குடி முழுகிவிடும்?” என்று நாம் கேட்டோம்.

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காட்டினான். “அண்ணாச்சி, வண்டி மேட்டின் உச்சியைத் தாண்டும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அப்போது நம்மைப் பிடித்து வைப்பது இந்தத் தொடைமீது அழுந்தும் கம்பி ஒன்றுதான். வளர்ந்தவருக்கு என்று அளவெடுத்துச் செய்த கம்பி அது. சிறு பிள்ளை உட்கார்ந்தால் கம்பி பூட்டிக்கொள்ளும். ஆனால் கம்பிக்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அந்த வழியாகப் பிள்ளை நழுவலாம். பூட்டிக்கொண்டதே என்று பார்ப்பவர் நினைப்பார். அளவுகோல் நினைக்காது” என்றான்.

மேலும் சொன்னான்: “எங்களுக்கு முதல் நாள் கற்பித்த சொல் ‘முடியாது’ என்பதுதான். மராத்தியில், இந்தியில், ஆங்கிலத்தில் மரியாதையாக எப்படிச் சொல்வது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தமிழில் சொல்லிப் பழகவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறை. தமிழில் சொல்வது எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.”

இதைக் கேட்ட பின் நாம் கொண்டு சென்ற கண்டிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பேச்சு வளர்ந்தபோது அவன் ஒரு சொல் சொன்னான். அது நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. “ஒரு பிளாக்கில் ஒரு வண்டி” என்றான்.

நேயர்களில் பலர் ரயில்வேக் குடும்பத்தினர். அவர்களுக்கு இச்சொல் புதிதன்று. பிறருக்காக விளக்குகிறோம். ரயில் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை மற்றொரு வண்டியை அதனுள் விடாதிருப்பதே பிளாக் முறை. அடுத்த நிலையத்திடம் ‘லைன் கிளியர்’ கேட்டுப் பெறாமல் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை அனுப்புவதில்லை. ரோலர் கோஸ்டரிலும் இதே முறைதான்! ஒரே பாதையில் பல வண்டிகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. பாதை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முன்னே உள்ள பகுதி காலியாகவில்லை என்று உணர்கருவி சொன்னால், பின்னே வரும் வண்டியைக் கணினி தானாகவே நிறுத்திவிடும்.

இந்த முறை ரயில்வேக்கு எவ்வாறு கட்டாயமாயிற்று என்பதையும் கூற வேண்டும். 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், இன்றைய வட அயர்லாந்தில் அர்மா என்னும் ஊரிலிருந்து ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளும் பெரியவர்களும் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். வண்டி ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. பணியாளர்கள் வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டு செல்ல முயன்றார்கள். பின்பாதி பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியோடு மோதியது. 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். அந்நாளில் அங்கே முன்வண்டி சென்று இத்தனை நிமிடமாயிற்று என்று கணக்கிட்டுத்தான் பின்வண்டியை அனுப்பினார்கள். பாதை காலியா என்று கேட்பதில்லை. அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் செய்து, பயணி வண்டிகளுக்குப் பிளாக் முறையையும், வண்டி முழுவதும் பிடிக்கும் தானியங்கித் தடையையும் கட்டாயமாக்கியது.

நாம் ரயில்வேயில் எழுத்தர். கொடி பிடிப்பவரோ சிக்னல் இயக்குபவரோ அல்லோம். விதிப் புத்தகத்துக்கு வரும் திருத்தச் சீட்டுகளை உரிய பக்கத்தில் ஒட்டி வைப்பது நம் வேலைகளுள் ஒன்று. பசையும் கத்தரியுமாக உட்கார்ந்து ஒட்டும்போது, இவ்வளவு சீட்டு எதற்கு என்று சலித்ததுண்டு. விதிப் புத்தகத்தின் வரிகள் பல, இத்தகைய துயரங்களுக்குப் பிறகு எழுதப்பட்டவை என்பதை அந்தப் பிள்ளையின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மீண்டும் எண்ணிப் பார்த்தோம்.

இயந்திரமே நிறுத்திவிடும் என்றால் மனிதனுக்குப் பயிற்சி எதற்கு? இக்கேள்விக்கும் அவனுடைய வகுப்பில் விடை சொல்லியிருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் என்னும் பூங்காவில் ‘ஸ்மைலர்’ என்ற ரோலர் கோஸ்டரில் ஆளில்லாச் சோதனை வண்டி ஒன்று பாதையின் நடுவே நின்றுவிட்டது. கணினி அதைக் கண்டு, 16 பேர் அமர்ந்திருந்த பின்வண்டியைச் சரியாகவே நிறுத்தியது. பொறியாளர்கள் நின்றுபோன வண்டியைக் கவனிக்கவில்லை. கணினிதான் தவறு செய்கிறது என்று கருதி, அதன் தடையை மீறி வண்டியை அனுப்பினார்கள். இரண்டும் மோதின. இளம்பெண்கள் இருவர் ஆளுக்கொரு காலை இழந்தனர். 2016-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுன் அபராதம் விதித்தது. இயந்திரம் ‘முடியாது’ என்றது. மனிதர் ‘முடியும்’ என்றனர். ஆதலால் இயந்திரத்தின் ‘முடியாது’ என்னும் சொல்லுக்குக் காது கொடுக்கவும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் நெஞ்சை உறுத்துவது. முதல் வேலைக்குச் செல்லும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் உள்ள டிரீம்வேர்ல்ட் பூங்காவில், மிதவையில் செல்லும் நீர் ஓட்டம் ஒன்றில் தண்ணீர் இறைக்கும் பம்பு நின்றது. நீர்மட்டம் சரிந்தது. மிதவை ஒன்று இரும்புச் சட்டங்களின் மீது தட்டி நின்றது. பின்னால் ஆட்களை ஏற்றி வந்த மிதவையை நகரும் பட்டை சுமந்து வந்து அதன்மீது மோதியது. நால்வர் உயிரிழந்தனர்.

கரையேறும் இடத்தில் நின்ற இளம் பணியாளருக்கு அந்த ஓட்டத்தில் அதுவே முதல் நாள். அன்று காலையில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயிற்சி மட்டுமே அவர் பெற்றிருந்தார். அவர் கைக்கு எட்டும் தொலைவில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் நகரும் பட்டை இரண்டு நொடியில் நின்றிருக்கும். ஆனால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றே தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் விசாரணையில் கூறினார். அந்தப் பொத்தானின் ஆற்றலை அவர் அறியார்; யாரும் அறிவிக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2020-இல் அப்பூங்காவை நடத்திய நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. அபராதம் செலுத்தினார்கள், சரி. போன உயிர்களோ? முதல் நாள் வேலையிலேயே அதைக் கண்ணால் கண்ட அந்தப் பணியாளரின் மனமோ?

நம் நாட்டிலும் இவை நேராமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், அகமதாபாத்தில் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் போல் ஆடும் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து இருவர் மாண்டனர். முறிந்தது இரும்பு. ஆயினும் கைது செய்யப்பட்டவர்களில் உரிமையாளர், மேலாளர் மட்டுமல்லர். இயந்திரத்தை இயக்கிய பணியாளர்களும் இருந்தனர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கேளிக்கை இயந்திரங்களின் பாதுகாப்புக்கென்று 15475 என்னும் எண்ணில் தனி நெறிமுறை வகுத்திருக்கிறது. ஏட்டில் உள்ள நெறி மேடைக்கு வந்து சேர்வது பயிற்சியின் வழியாகத்தான்.

ஆகவே இவ்வேலைக்குப் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோருக்கு நாம் சொல்வது இது. சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பயிற்சி எத்தனை நாள் என்று கேளுங்கள். ஓர் இயந்திரத்துக்குப் பெற்ற பயிற்சியை வைத்து மற்றோர் இயந்திரத்தில் நிறுத்துவார்களா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனியே சோதித்துக் கையெழுத்திடுவார்களா என்று கேளுங்கள். மேடையில் உள்ள ஒவ்வொரு பொத்தானும் எதை நிறுத்தும், எத்தனை நொடியில் நிறுத்தும் என்று பிள்ளைக்குத் தெரியுமா என்று கேளுங்கள். ஐயம் தோன்றி ஓட்டத்தை நிறுத்தினால், அது வீண் ஐயமாயிருந்தாலும், மேலதிகாரி ஏசுவாரா, பாராட்டுவாரா என்று கேளுங்கள். பயிற்சி முடிந்ததற்குத் தன் பெயரில் உள்ள தாளின் நகலைப் பிள்ளை கையில் வைத்திருக்க வேண்டும். நேரடி நியமனமா, ஒப்பந்தக்காரர் மூலமா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்பவற்றை நியமனக் கடிதத்தைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள தாளைப் படிக்க யாருக்கேனும் துணை வேண்டுமென்றால், ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். நாம் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.

இதில் இழப்பும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஊர் மகிழும் நாளில் உழைக்கும் தொழில் இது. சென்ற பொங்கல் விழாவுக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. வரும் தீபாவளியன்றும் விடியற்காலை முதல் லோக்கலைப் பிடிக்க வேண்டும். “எண்ணெய் தேய்த்துக்கொள்ளக்கூட நேரமில்லை” என்று தாயார் வருந்தினார். ஆனால் அன்று அவர் ராட்டினம் என்ற சொல்லை எடுக்கவில்லை. மகன் நாற்காலியில் உட்கார்ந்து கம்பியின் கதையைச் சொன்னபோது அடுக்களை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாம் புறப்படும்போது, “அந்தப் பிள்ளைக்கு ரொம்ப அழுகையாமே? நம் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டி வரச் சொல்லுங்கள், தம்பி” என்றார்.

அங்கிருந்து நேரே நாம் மூத்த உறுப்பினர் வீட்டுக்குச் சென்று, கேட்டதையெல்லாம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. வேற்றாள் நின்றிருந்தால் விட்டிருப்பான் என்று முன்பு சொன்னதை நினைத்துக்கொண்டார் போலும். “நம்மவன் என்பதற்காக அவன் கம்பியைத் தளர்த்தி வைக்க முடியாது அல்லவா?” என்று தாமே மெல்லச் சொன்னார். பிறகு எழுந்து சென்று கதவு நிலையைக் காட்டினார். ஊருக்குத் திரும்புவதற்கு முன் தங்கை மகன் தன் உயரத்தைப் பென்சிலால் அங்கே கோடிட்டுப் போயிருக்கிறான். அதற்கு இரண்டு விரற்கடை மேலே மற்றொரு கோடு. அடுத்த விடுமுறைக்குள் அந்தக் கோட்டை எட்டிவிடுவதாக மாமனிடம் சொல்லிச் சென்றானாம்.

அவன் வளர்வான், வரிசையில் நிற்பான், ஏறுவான். அன்று அவன் மடிமீது இறங்கும் கம்பியை அழுத்திப் பார்க்கும் கை, அதை மீண்டும் மேலே இழுத்தும் பார்க்கட்டும். அந்தக் கை நம் பிள்ளையின் கையாக இருந்தால் நமக்குப் பெருமையே.

அடுத்த திங்கள் வேறொரு தொழிலோடு சந்திப்போம். வணக்கம்.